மலைக் கிராமப் பணிகளைப் பதிவு செய்வது எப்படி? களத்துக்குப் புதியவர்களுக்கு

எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம், எத்தனை குடும்பங்களுக்கு விதை கொடுத்தோம் என்பதோடு பல அறிக்கைகள் முடிந்துவிடுகின்றன. கொடுத்தபின் அந்த ஊரில் என்ன மாறியது? அதை எழுதத்தான் நாம் மலையேறிப் போகிறோம்.

படி 1: பணி தொடங்குமுன் இருக்கும் நிலையை எழுதுங்கள்

இதைத் தவறவிட்டால் பிறகு ஈடுகட்டவே முடியாது. மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள். நடந்துபோக எத்தனை மணி நேரம், நோயாளியைத் தூக்கிக்கொண்டு போனால் எவ்வளவு, மழைக்காலத்தில் பாதை இருக்குமா என்று கேளுங்கள். விளைந்தது எத்தனை மாதச் சாப்பாட்டுக்கு வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: குழந்தைகளின் கையை அளந்து எழுதுங்கள்

எடை பார்க்கும் கருவியைச் சுமக்க முடியாத இடத்திலும் அளவு நாடா போதும். 6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கு இடது மேல்கையின் நடுவில், கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுச் சுற்றளவை அளக்க வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. அந்தக் குழந்தையை உடனே சிகிச்சைக்கு அனுப்புங்கள், நோட்டு பிறகு. 11.5க்கும் 12.5க்கும் இடையில் இருந்தால் மிதமான குறைவு. "மெலிந்த குழந்தை" என்று எழுதாமல் எண்ணை எழுதுங்கள். பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண் போதும்; பெயர்ப் பட்டியல் தனியாகப் பூட்டி இருக்கட்டும்.

படி 3: விளைச்சலை அளந்து எழுதுங்கள்

அறுவடையின்போது வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, காயவைத்து எடை போடுங்கள். 400ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேருக்கான விளைச்சல் கிடைக்கும். சதுரம் எங்கே விழ வேண்டும் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். கண்ணால் தேர்ந்தால் செழித்த இடத்துக்கே கை போகும். மலைச்சரிவில் மேல் பாத்தியும் கீழ் பாத்தியும் ஒன்றுபோல் விளையாது, ஆகவே இரண்டிலும் அளவு எடுங்கள். பொய்த்துப்போன வயலையும் விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு எந்த விதை வேண்டாம் என்பதை அதுதான் சொல்லும்.

படி 4: படம்

ஒரே பாறை மேல் நின்று, ஒரே திசையில், பருவத்துக்கு ஒரு படம். ஆளை எடுப்பதானால், படம் எங்கே போகும் என்று அவர் மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்றாலும் உதவி நிற்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நோயாளியின் முகம் வேண்டாம். கைபேசிப் படத்தில், அது எடுத்த இடத்தைக் காட்டும் இடக்குறிப்பும் ஒட்டிக்கொண்டு வரும். வெளியிடும் முன் நீக்குங்கள்.

படி 5: பென்சிலும் நோட்டும்

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கைபேசியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மை நனைந்தால் கரையும், பென்சில் கரையாது.

படி 6: ஊராரிடம் வாசித்துக் காட்டுங்கள்

எழுதியதை ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். பெண்கள் அங்கே வாய் திறக்கத் தயங்கினால் அவர்களிடம் தனியாகவும் படியுங்கள். யாராவது "அப்படி இல்லை" என்று திருத்தினால், பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே அவர் சொன்னதைத் தேதியுடன் எழுதுங்கள். ஒரு பிரதி அந்த ஊரிலேயே இருக்கட்டும்.