பெயர் தெரிந்ததும் பறித்துவிடாதீர்கள்

செடியின் பெயர் சொல்லும் போன் ஆப்பில் படம் எடுத்துப் பெயர் வந்ததுமே செடி தெரிந்துவிட்டது என்று எண்ணுவதுதான் வேலூர்ப் பக்கம் இப்போது அதிகம் நடக்கும் தவறு. வரப்பில் கரிசலாங்கண்ணியும் வெட்டுக்காயப் பூண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பூ இல்லாமல் இலையை மட்டும் எடுத்தால் ஆப் மாற்றிச் சொல்லக்கூடும். கீரை பறிக்கும் பெண்கள் நாலு இலையைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்குவார்கள். சற்று நேரத்தில் சாறு கருத்தால் கரிசலாங்கண்ணி. அந்தச் சோதனையை எந்த கேமராவும் செய்யாது.

பிளான்ட்நெட் என்ற ஆப்பில் இலை, பூ, காய், பட்டை என்று தனித்தனியாகப் படம் சேர்க்கலாம். பலர் ஒரே படத்தோடு, முதலில் வரும் பெயரையே எடுத்துக்கொள்கிறார்கள். கீழாநெல்லிக்கு அது போதாது. கிளையைத் திருப்பிப் பாருங்கள். காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு தொங்க வேண்டும். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக ஒட்டியிருந்தால் அது வேறு இனம். சரியான செடியே கிடைத்தாலும் காமாலைக்கு அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிராகக் கீழாநெல்லி பலன் தந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. பிறகு வேறு இடங்களில் நடந்த பல சோதனைகளில் அந்தப் பலன் வரவில்லை. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை.

அப்புறம், ஆப் மண்ணைப் பார்ப்பதில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் கழிவு பல காலமாகப் பாலாற்றில் கலந்திருக்கிறது. அதில் குரோமியம் என்ற உலோக நச்சு உண்டு, கீரை அதை உறிஞ்சும். அங்கே பொன்னாங்கண்ணி எவ்வளவு தளதளவென்று இருந்தாலும், ஆப் சரியாகவே பெயர் சொன்னாலும், தொடாதீர்கள். எந்த ஓடையில் என்ன தண்ணீர் வருகிறது, எந்தப் பக்கம் மாட்டை விடக் கூடாது என்பதெல்லாம் அங்கே மாடு மேய்ப்பவருக்குத் தெரியும். நின்று கேளுங்கள், சொல்வார்.

கிழங்கு விஷயத்தில் ஆப்பை நம்பவே வேண்டாம். செங்காந்தள் பூவை நொடியில் சொல்லிவிடும்; தோண்டிய கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று சொன்னாலும் சொல்லும். அந்தக் கிழங்கு உயிரைக் குடிக்கும். கொடியில் இலை நுனி நூல்போல் சுருண்டிருந்தால் விலகிவிடுங்கள்.

ஜவ்வாது மலையில் பெரியவர் ஒருவர் மருந்து சொன்னால், அதை வீடியோவாகப் போடுமுன் அவரிடம் கேளுங்கள். அதை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. சந்தன மரத்தைப் பார்த்தால் இடத்தைப் பொதுவில் போடவே போடாதீர்கள்; மலை ஏறுமுன் போனில் கேமராவின் லொக்கேஷனை அணைத்துவிடுங்கள்.