நுரையீரலுக்கு எந்த வைரஸ் வெக்டர்? முதலில் வாசல் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

மரபணு சிகிச்சைக்குப் புதிதாக வருகிறவர்கள் "எந்த வைரஸ் நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். (மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து போகும் வைரஸைத்தான் வெக்டர் என்கிறோம்.) அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸையே எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணமான சிஎஃப்டிஆர் மரபணுவை 1989-இல் கண்டுபிடித்தார்கள், 1993-லேயே அடினோவைரஸில் ஏற்றி நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள், ஆனால் பலன் நிலைக்கவில்லை.

படி 1: சரக்கை அளந்து பாருங்கள்

சிஎஃப்டிஆரின் புரதக் குறியீடு மட்டுமே சுமார் 4,440 டிஎன்ஏ எழுத்து. ஏஏவி (அடினோ-சார்ந்த வைரஸ் என்ற சின்ன வைரஸ்) தாங்குவது ஏறக்குறைய 4,700, அதிலும் வைரஸ் டிஎன்ஏவின் இரு முனைகளுக்குத் தலா 145 போய்விடும். மரபணுவை இயக்கிவிடும் சுவிட்சான புரமோட்டருக்கு இடமே இல்லை! ஆரம்பகாலச் சோதனைகளில் முனையையே புரமோட்டராக வைத்து ஓட்டினார்கள், அது பலவீனமானது. இப்போது மரபணுவில் ஒரு துண்டை வெட்டிச் சுருக்குகிறார்கள். எச்ஐவி இனத்தைச் சேர்ந்த லென்டிவைரஸ் சுமார் 8,000 வரை தாங்கும் என்பதால் அங்கே இந்தத் தலைவலி இல்லை.

படி 2: வாசலைத் தேடுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாம் இங்கேதான் முடிவாகிறது. மூச்சுக்குழாய் செல்லுக்குக் காற்றைப் பார்த்த பக்கம் ஒன்று, ரத்தத்தைப் பார்த்த பக்கம் ஒன்று, நடுவில் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டியிருக்கும். நாம் மருந்தை ஆவியாக மேலிருந்து கொடுக்கிறோம், ஆனால் அடினோவைரஸ்-5 என்ற வகை உள்ளே நுழையப் பிடிக்கும் ஏற்பி (செல்லின் கைப்பிடி மாதிரியான புரதம்) அந்த ஒட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. ஏஏவி-2 வகைக்கும் அதே கதிதான். ஏஏவி-5, ஏஏவி-6 இரண்டும் மேற்பரப்பில் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடிப்பதால் பரவாயில்லை. லென்டிவைரஸும் வழக்கமான உறையோடு மேலிருந்து சரியாக நுழையாது, அதனால் பிரிட்டன் குழு ஒன்று சுவாசப் பாதையில் இயல்பாகவே நுழையும் சென்டாய் வைரஸின் எஃப், ஹெச்என் புரதங்களை அதற்குப் போர்த்தியது.

படி 3: எவ்வளவு காலம் வேண்டும்?

ஏஏவி பெரும்பாலும் குரோமோசோமில் சேராது, மேற்பரப்புச் செல் உதிர்ந்தால் மரபணுவும் போச்சு. திரும்பக் கொடுக்கலாம் என்றால் அதற்குள் உடம்பு எதிர்ப்பொருள் தயாரித்து வைத்திருக்கும். லென்டிவைரஸ் குரோமோசோமில் சேர்ந்துவிடும், புதுச் செல்களை உருவாக்கும் அடிச்செல்களுக்குள் போனால் நெடுநாள் நிற்கும். அப்புறம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கண்காணிக்க வேண்டும்.

படி 4: மேலிருந்து மட்டும் ஊற்றிப் பாருங்கள்

சாதாரணத் தட்டில் வளரும் செல்களை நம்பாதீர்கள். மூச்சுக்குழாய் செல்களைச் சல்லடை போன்ற மெல்லிய படலத்தில், கீழே மட்டும் வளர்ப்புத் திரவம் விட்டு, மூன்று நான்கு வாரம் வளர்த்தால் மயிரிழைகள் முளைத்துச் சளியைச் சுழற்றித் தள்ளுவது மைக்ராஸ்கோப்பில் அழகாகத் தெரியும். சளியைக் கழுவாமல் வெக்டரை விடுங்கள், நோயாளியின் நுரையீரலை யாரும் கழுவித் தரப்போவதில்லை.

என் முதல் சோதனையில், வெக்டர் நுழைந்த செல் பச்சையாக ஒளிரும்படி வைத்திருந்தேன்; ஓரம் முழுக்கப் பச்சை வளையமாக ஒளிர்ந்தது, துள்ளிக் குதித்தேன். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் செல் அடுக்கு கிழிந்திருந்தது, வைரஸ் அந்த ஓட்டை வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. அதனால் ஊற்றும் முன் ஒவ்வொரு குழியிலும் செல் அடுக்கின் மின்தடையை அளந்துவிடுங்கள், குறைவாகக் காட்டினால் அடுக்கில் ஓட்டை இருக்கலாம், அந்தக் குழியை அப்போதே ஒதுக்கிவிடுங்கள்.