தோட்டத்து வீட்டுக்கான மாதச் சாமான்: மலிவு விற்பனையை முறையாகப் பயன்படுத்துவது எப்படி?

அரசாங்கத்தின் மலிவு விலை ரஹ்மா விற்பனை ஊருக்கு வரும் நாளில் கைக்கு எட்டியதையெல்லாம் வாரிக்கொண்டு வருவது சிக்கனம் ஆகாது என்பதை நான் கற்றுக்கொண்டது வாடகைக் காரின் பின்னிருக்கையில்தான். எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் மிச்சம் பிடித்தது 9 ரிங்கிட் 40 சென்; மூட்டைகளோடு தோட்டத்துக்குத் திரும்பக் கொடுத்த வாடகை 14 ரிங்கிட். அன்றிலிருந்து நான் கடைப்பிடித்து வரும் முறையைப் புதிதாகத் தொடங்குவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: 555 நோட்டு

முன்பெல்லாம் கடைக்காரர் நம் கடனை எழுதி வைத்த அதே சின்ன 555 நோட்டு ஒன்றை வாங்கி, வீட்டில் மாதந்தோறும் தீர்ந்துபோகும் பத்துப் பன்னிரண்டு பொருள்களின் விலையை மட்டும் அதில் எழுதுங்கள். பொட்டலத்தின் விலையை அல்ல, ஒரு கிலோவுக்கான விலையை எழுத வேண்டும். இந்த வேலையைச் சோம்பலில் தவிர்ப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். ஒருமுறை விற்பனைக் கூடாரத்தில் பருப்புப் பொட்டலம் 3 ரிங்கிட் 80 சென்னுக்குக் கிடைத்தது; எங்கள் மளிகைக் கடையிலோ ஒரு கிலோப் பொட்டலம் 4 ரிங்கிட் 40 சென். ஆனால் கூடாரத்துப் பொட்டலத்தில் இருந்தது 850 கிராம் மட்டுமே என்பதால், கணக்குப் போட்டுப் பார்த்தால் கிலோ ஏறக்குறைய 4 ரிங்கிட் 47 சென் ஆகிறது. மலிவு என்று எழுதிய பலகைக்குக் கீழே இருந்த பருப்புதான் விலை கூடியது.

அரசாங்கம் விலை கட்டுப்படுத்திய பொருள்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை பெற்ற ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 ரிங்கிட் 50 சென், தீபகற்பத்தில் 10 கிலோ உள்ளூர் வெள்ளை அரிசி 26 ரிங்கிட் என்பன எந்தக் கடையிலும் மீறக் கூடாத விலைகள் ஆதலால், அவற்றுக்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. அருகில் எங்கே இருப்பு உள்ளதோ அங்கேயே வாங்கலாம். தீபாவளிக் காலத்தில் சில பொருள்களுக்கு உச்ச விலை தனியாக அறிவிக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி: எதை எங்கே வாங்குவது

2023 முதல் உள்நாட்டு வாணிகம், வாழ்க்கைச் செலவின அமைச்சு நடத்தி வரும் ரஹ்மா விற்பனையில் அடிப்படைப் பொருள்கள் வழக்கமாகச் சந்தை விலையைவிடப் 10 முதல் 30 விழுக்காடு வரை குறைவாகக் கிடைக்கும். கோழி, முட்டை, மீன், காய்கறி ஆகியவற்றுக்கு ஃபாமா எனப்படும் கூட்டரசு வேளாண் சந்தை வாரியம் நடத்தும் அக்ரோ மடானி விற்பனையும் பாசார் தானி எனும் உழவர் சந்தையும் ஏற்றவை. சிலாங்கூரில் இருக்கும் உறவினர்களுக்கு அந்த மாநில அரசின் ஏசான் ரக்யாட் விற்பனையும் உண்டு.

விற்பனை நாளையும் இடத்தையும் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலோ அமைச்சின் முகநூல் பக்கத்திலோ தெரிந்துகொண்டு, முட்டையும் கோழியும் தேவையானால் காலையிலேயே போய்விடுங்கள். ஒருவருக்கு இத்தனைதான் என்ற வரம்பு பெரும்பாலும் இருக்கும். அதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் வரிசையில் நின்று வாதாட நேராது.

மூன்றாம் படி: மைகாட்டில் இருக்கும் தொகை

பலர் தவறவிடுவது இதைத்தான். சாரா எனப்படும் அடிப்படை ரஹ்மா உதவி, எஸ்.டி.ஆர். எனும் ரஹ்மா ரொக்க உதவியைப் பெறத் தகுதியுள்ளவர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் மைகாட்டில், அதாவது அடையாளக் கார்டில், தானாகவே சேர்க்கப்படுகிறது. அதற்கென்று தனி விண்ணப்பம் இல்லை. 2025இல் இதற்கு மேலாக, 18 வயது நிறைந்த மலேசியர் அனைவருக்கும் ஒருமுறை 100 ரிங்கிட் வழங்கப்பட்டு, ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரை செலவு செய்ய அவகாசம் தரப்பட்டது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சில முதியவர்கள் டிசம்பர் கடைசி வாரத்தில்தான் அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆகவே மைகாசே இணையத்தளத்தில் அடையாளக் கார்டு எண்ணைப் பதிந்து, மீதியையும் கெடுவையும் முன்னதாகவே பாருங்கள். பாட்டி தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துக் கொடுக்கலாம்.

இத்தொகையை ரொக்கமாக எடுக்க முடியாது. பதிவு பெற்ற கடையில் மைகாட்டைக் காட்டி, அரிசி, முட்டை, எண்ணெய், மாவு, பிஸ்கட், சவர்க்காரம், பள்ளி உபகரணம் போன்ற வகைகளில் ஏற்கப்பட்ட பொருள்களை மட்டுமே வாங்கலாம். பொருளின் பட்டைக் குறியீட்டைக் கொண்டே தகுதி சரிபார்க்கப்படுவதால், ஒரே வகைப் பொருளில் ஒரு நிறுவனத்துடையது ஏற்கப்பட்டு இன்னொன்று ஏற்கப்படாமல் போகலாம்; அதற்குக் காசாளரிடம் கோபித்துப் பயனில்லை, சாமானை இரண்டு கூடைகளாகப் பிரித்து எடுத்துப் போவதே வழி. அரிசி, மாவு போன்றவற்றை முதலில் இந்தத் தொகையில் எடுத்துவிட்டால், கையிலுள்ள சம்பளக் காசு மீன், காய்கறிக்கு மிஞ்சும்.

நான்காம் படி: கூட்டுச் சேர்தல்

தோட்டத்து மக்களுக்கு உண்மையான மிச்சம் இங்கேதான் இருக்கிறது. தொழிலாளர்களின் சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கிய துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது. நாம் ஒரு வெங்காய மூட்டைக்குக் கூட்டுச் சேர்வதில் புதுமை ஒன்றுமில்லை. நான்கைந்து குடும்பங்கள் போதும். அதற்கு மேல் போனால் கணக்கும் மனத்தாங்கலும் சேர்ந்தே பெருகும். ஒரே காரில் இருவர் மட்டும் போகட்டும், வாடகையை எல்லாரும் சமமாகப் பங்கிடட்டும். பணத்தை முன்னதாக வாங்கி, ரசீதைப் படம் பிடித்துப் புலனக் குழுவில் அன்றே போட்டுவிட வேண்டும்.

ஆனால் உதவித்தொகை எண்ணெயை இப்படி மொத்தமாகச் சேர்க்க நினைக்காதீர்கள். அது 1961ஆம் ஆண்டின் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் பொருள். அவரவர் வீட்டுக்கு வேண்டியதை அவரவரே வாங்குவதுதான் நல்லது.

பங்கு பிரிக்க எங்களுக்குக் கோயில் மண்டபமும் ஒரு தராசும் போதுமானவையாக உள்ளன. மூட்டையைத் தரையில் கொட்டியதும் அழுகிய வெங்காயத்தை முதலில் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதை மட்டும் நிறுத்துப் பிரியுங்கள். நிறுத்த பிறகு பொறுக்கினால், யாருடைய பங்கில் அழுகல் அதிகம் என்ற பேச்சு அடுத்த சம்பள நாள் வரைக்கும் ஓயாது.