கிராம் சாயம்: ஊதா இளஞ்சிவப்பானால்

கிராம் சாயம் பாக்டீரியாவை நிறத்தால் இரு வகையாகப் பிரித்துக் காட்டும்: ஸ்டாஃபிலோகாக்கஸ் ஊதா, ஈ. கோலை இளஞ்சிவப்பு. சிங்கப்பூரில் எங்கள் பயிற்சி ஆய்வகத்தில் அடிக்கடி வந்த தொல்லை: ஊதாவாக நிற்க வேண்டிய ஸ்டாஃபிலோகாக்கஸ் இளஞ்சிவப்பாகிவிடும். எல்லாரும் சாயப் பாட்டிலைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி, ஊதாவைக் கரைத்தெடுக்கும் நிறம்நீக்கியான அசிட்டோன்-ஆல்கஹால்தான்.

ஊதாச் சாயமான கிரிஸ்டல் வயலெட் 1 நிமிடம், அதைப் பிடித்துவைக்கும் அயோடின் 1 நிமிடம், இரண்டுக்குப் பின்னும் கழுவல். இதில் சில விநாடி கூடினாலும் பாதகமில்லை. அசிட்டோன்-ஆல்கஹால் அப்படியல்ல. ஸ்லைடைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, வழியும் திரவத்தில் ஊதா வருவது நின்ற கணமே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். பூச்சு (ஸ்லைடில் பாக்டீரியாவைப் பூசிய படலம்) மெல்லியதானால் சில விநாடிகளே அதிகம். கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். பிறகு இளஞ்சிவப்புச் சாயமான சாஃப்ரனின் 30 முதல் 60 விநாடி.

பூச்சு தடித்தால் பிழை தலைகீழாகும்: ஈ. கோலையும் ஊதாவாகத் தெரியும். ஒரு துளி தண்ணீருக்கு ஊசிமுனை அளவு காலனி (தட்டில் வளர்ந்த பாக்டீரியாத் திரள்) போதும். இங்குள்ள ஈரப்பதத்தில் பூச்சு மெதுவாகத்தான் காயும். பொறுக்காமல் தீயில் சுட்டால் செல்சுவர் சிதைந்து மறுபடி இளஞ்சிவப்பு. கல்ச்சரின் (வளர்த்தெடுத்த பாக்டீரியாவின்) வயதும் 18–24 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் ஸ்டாஃபிலோகாக்கஸ், ஈ. கோலை இரண்டையும் பூசுங்கள். அவற்றில் ஒன்று நிறம் மாறியிருந்தால் அந்த ஸ்லைடைப் படிக்காமல் புதிதாகப் போடுங்கள்.