4294967297: ஒரு பெரிய எண்ணைப் பிரித்து மேய்வது எப்படி?

இந்த எண் பகா எண்ணா, இல்லையென்றால் அதன் காரணிகள் எவை என்று பார்ப்போம். தாள், பேனா, 10 இலக்கம் காட்டும் கால்குலேட்டர் இருந்தால் போதும். 8 இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண் அடங்காது. முதலில் வாய்விட்டுப் படியுங்கள்: 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

படி 1: சில்லறைச் சோதனைகள்

கடைசி இலக்கம் 7, ஆகவே 2, 5 வகுக்காது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, ஆகவே 3-உம் இல்லை. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 21, 38. வித்தியாசம் 17 என்பதால் 11-உம் போயிற்று. இப்படியே தொடர வேண்டாம். வர்க்கமூலம் 65,536-ஐத் துளி தாண்டுகிறது. அதற்குள் 6,542 பகா எண்கள் இருக்கின்றன, அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

படி 2: எண் எப்படி உருவானது?

என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். 1-ஐக் கழித்துவிட்டுப் பாதியாக்கிக்கொண்டே போங்கள். சரியாக 32-ஆம் தடவை 1 வரும். ஆக, நம் எண் 2³² + 1. இரும முறையில் 1, நடுவே 31 பூச்சியம், கடைசியில் 1.

(கணினி நிரல் எழுதுவோருக்கு: எண்ணைச் சேமிக்கும் 32 பிட் மாறியில் 4294967295 வரைதான் அடங்கும். தெரியாமல் இந்த எண்ணை அதில் போட்டு, விடை 1 என்று வந்து விழித்திருக்கிறேன். 64 பிட் மாறி எடுங்கள்.)

படி 3: காரணியைப் பிடிப்பது

3, 5, 17, 257, 65537: ஒவ்வொன்றிலும் 1 கழித்து, வர்க்கமாக்கி, 1 கூட்டினால் அடுத்தது வரும். இந்த வரிசையில் அடுத்தது நம் எண். முந்தைய ஐந்தும் பகா எண்கள். இதுவும் அப்படித்தான் என்று 1640-இல் கணித அறிஞர் பெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித அறிஞர் ஆய்லர் அதை உடைத்தார். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும் என்பது அவர் கண்ட விதி. நிரூபணம் சற்று நீளம், இப்போதைக்கு நம்பிக்கொள்ளுங்கள்.

65, 129, 193 என்று எழுதிக்கொண்டே போய்ப் பகு எண்களை அடித்துவிட்டால் 193, 257, 449, 577, 641 மிஞ்சும். முதல் நான்கிலும் மீதி வருகிறது. ஐந்தாவதில்:

4294967297 = 641 × 6700417

6,542 எங்கே, 5 எங்கே!

படி 4: வகுக்காமலே சரிபார்ப்பது

641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. ஆனால் 641 = 5⁴ + 2⁴-உம் கூட. அதனால் 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 என்றாகிறது. 2³² + 1-இன் மீதி 0.

படி 5: மிச்சம் மீதி

6700417 பகா எண். அதே 64 விதியோடு 2,588 வரை தேடினால் தெரிந்துவிடும். ஆக மொத்தம் 4 வகுத்திகள். தன்னைத் தவிர்த்த மற்றவற்றின் கூட்டுத்தொகை வெறும் 6701059, இது எண்ணைவிடச் சிறியது, எனவே இது ஒரு குறை எண்.

கடைசியாக, எனக்குப் பிடித்த ஒன்று. இந்த எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதலாம்:

65536² + 1²
62264² + 20449²

பகா எண் எதையும் இப்படி இரண்டு விதமாக எழுத முடியாது. இரண்டாவது வரி முதலிலேயே கண்ணில் பட்டிருந்தால், 641-ஐத் தேடாமலே இது பகு எண் என்று சொல்லியிருக்கலாம்.