லென்ஸைத் திருப்பி மாட்டிப் பூச்சிகளைப் படமெடுப்பது எப்படி?

பூச்சிகளை நெருக்கமாகப் படமெடுக்க விலை கூடிய மேக்ரோ லென்ஸ் வேண்டியதில்லை. சாதாரண லென்ஸின் முகப்பு கேமராவைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினாலே போதும். இதற்கு 'ரிவர்ஸ் ரிங்' என்று ஒரு வளையம் விற்கிறார்கள். ஒரு பக்கம் உங்கள் கேமராவில் பொருந்த வேண்டும், மறுபக்கம் லென்ஸின் ஃபில்டர் மரையில் திருகப்படும். 49, 52, 58 மிமீ என்று மரை அளவு லென்ஸின் முகப்பிலேயே இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

எந்த லென்ஸ்? குவியத்தூரம் (லென்ஸில் மிமீ கணக்கில் எழுதியிருக்கும்) குறையக் குறையப் பூச்சி பெரிதாகத் தெரியும். 28 மிமீ ஆளை மிரட்டிவிடும், 50 மிமீயில் தொடங்குங்கள். ஒளி நுழையும் துளையைக் கையால் கூட்டிக் குறைக்கும் அபர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸாக இருப்பது முக்கியம். புது லென்ஸ்கள் பலவற்றில் துளையைக் கேமராதான் இயக்கும். திருப்பி மாட்டியதும் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். சிங்கப்பூரில் சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா கடைத்தொகுதியில் இருக்கும் பழைய கேமராக் கடைகளில் தேடலாம். வாங்கும் முன் கைப்பேசி டார்ச்சை லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்காத பழைய லென்ஸ் கிடைப்பதே பெரிய விஷயம்.

அப்புறம் வெளிச்சம். பாதிப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள். துளையை எஃப்/8க்குக் குறைத்தால் வியூஃபைண்டர் இருண்டுவிடும், ஃப்ளாஷ் இல்லாமல் நடக்காது. கேமராவை 'எம்' (மேனுவல்) நிலையில் வைத்து, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200 என்று தொடங்கி, ஃப்ளாஷின் வலுவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பார்சலில் வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளை ஃப்ளாஷிலிருந்து லென்ஸின் முனைவரை கூரைபோல் வளைத்துக் கட்டுங்கள். வெளிச்சத்தைப் பரப்ப அது இல்லாவிட்டால் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும்.

ஃபோகஸ் வளையத்தை மறந்துவிடுங்கள். பூச்சி லென்ஸிலிருந்து சில சென்டிமீட்டரில்தான் இருக்கும். முழங்கையைச் சுவரில் ஊன்றி, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளிவாகும் நொடியில் அழுத்துங்கள். தெளிவாக விழுவது மில்லிமீட்டர் கணக்கில்தான். பத்தில் ஒன்று தேறினாலும் சரி.

பழக, வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்துச் செடிகளே போதும். கறிவேப்பிலையில் பட்டாம்பூச்சிப் புழு இருக்கும். தாவும் சிலந்தி கிடைத்தால் விடாதீர்கள். ஓடி ஒளிவதற்கு முன் பெரும்பாலும் திரும்பி லென்ஸையே உற்றுப் பார்க்கும். முசுறு எறும்பு கடிக்கும், கூட்டின் பக்கம் கையை ஊன்ற வேண்டாம். கை பழகியதும் விண்ட்சர் இயற்கைப் பூங்காவுக்குப் போகலாம். ஆனால் அங்கே எதையும் பிடிப்பதும் பறிப்பதும் குற்றம்.