இணைய ஏலம்: காசு அனுப்பும் முன்

கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. 2020இலிருந்து அதுவும் இணையத்தில்தான் நடக்கிறது. ஆனாலும் மாதிரித் தேயிலையைச் சுவைத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்கள். நாம் பறிக்கும் கொழுந்துக்கே இத்தனை சோதனை. நம் பிள்ளைகளோ இணையத்தில் ஒரு பொருளின் படத்தைப் பார்த்ததும் மாதச் சம்பளத்தை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். என் தம்பியும் ஒரு போனுக்காக அப்படித்தான் அனுப்பி ஏமாந்தான்.

பெரிய தவறு, தளத்தை விட்டு வெளியே போவது. ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் ஏலம் கைநழுவிய மறுநாள், "எடுத்தவர் விலகிவிட்டார், உங்களுக்கே தருகிறேன், வாட்ஸ்அப்புக்கு வாங்க" என்று ஒருவர் எழுதுவார். ஈபேயில் இரண்டாம் வாய்ப்பு என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால் அது ஈபேயின் செய்திப் பெட்டிக்குத்தான் வரும், பணமும் அங்கேயேதான் கட்ட வேண்டும். வெளியே கட்டினால் ஈபேயின் பணம் திரும்பும் உத்தரவாதம் கிடைக்காது.

அடுத்தது ஏலச் சூடு. விற்பவரின் ஆளே போட்டிக்கு விலையை ஏற்றிவிடுவதுண்டு. தபால் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்த்து உங்கள் உச்ச விலையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். அதைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

உள்ளூரில் பழைய போன் வாங்குகிறீர்களா? ஹட்டனோ பண்டாரவளையோ, பகலில் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள். மூடுபனி இறங்கிய பிறகு தோட்டத்துப் பாதைக்குக் கூப்பிட்டால் போகவே வேண்டாம். போனில் *#06# அழுத்தினால் அந்தப் போனின் 15 இலக்க அடையாள எண் வரும். ஆங்கிலத்தில் IMEI என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று தெரிந்துவிடும்.

பார்சலில் வருவதென்றால் முகவரியையும் யோசிக்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இன்னும் பலருக்குத் தனி முகவரி இல்லை, தபால் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகிறது. டவுனில் தெரிந்த கடைக்காரரிடம் கேட்டு அவர் முகவரியைக் கொடுப்பது நல்லது. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள்.

நீங்கள் விற்பவரானால், காசு போட்டதாக வாங்குபவர் அனுப்பும் வங்கி ஸ்லிப் படத்தை நம்பிப் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கணக்கில் காசு ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். காசு வாங்கக் கணக்கு எண் போதும். வங்கி உங்கள் போனுக்கு அனுப்பும் ரகசிய எண்ணான ஓடிபியைக் கேட்பவன் காசு எடுக்க வந்தவன்.

அப்படியும் ஏமாந்துவிட்டால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், அப்புறம் பொலிஸ். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101க்கும் அழைக்கலாம். உரையாடல், ஸ்லிப், கணக்கு எண் எதையும் அழித்துவிடாதீர்கள். என் தம்பியோ வீட்டில் தெரிந்தால் வெட்கம் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டான். பொலிஸில் காட்ட அவனிடம் ஒன்றுமே இருக்கவில்லை.